பீர் பீப்பாயை பூட்ஸுக்குள் ஒளிக்க முடியாது

1928இல் வந்த 'தி ராக்கெட்' என்ற மௌனப் படத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டால், "அமெரிக்க மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயப் படம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதை நம்பி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் குழப்பம் வரும். துப்பாக்கிச் சண்டை இருக்கிறது, பாட்டுக் கச்சேரி நடக்கும் கிளப் இருக்கிறது, சரி. ஆனால் படத்தின் கவனமெல்லாம் ஒரு போலீஸ் அதிகாரிக்கு வருகிற டிரான்ஸ்ஃபர் மேலும், பிடிபட்டவனை யார் எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதன் மேலும்தான் நிற்கிறது. தப்பான படத்தைப் போட்டுவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். சரியான படம்தான். சாராயத்தைப் பற்றிய ஒரு கதை ஏன் டிரான்ஸ்ஃபரைப் பற்றிய கதையாக மாறுகிறது என்று தெரிந்துவிட்டால், இந்தப் படம் மட்டுமில்லை, அந்தக் காலத்து கேங்ஸ்டர் படங்கள் எல்லாமே பிடிபட்டுவிடும். அதற்கு அந்தச் சட்டத்திலிருந்து தொடங்கி ஒரு பீர் பீப்பாயின் எடை வரைக்கும் போய்வர வேண்டும்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 18ஆவது திருத்தம் 1919 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது, சரியாக ஒரு வருடம் கழித்து 1920 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. போதை தரும் மதுவைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்றது திருத்தம். எது போதை தரும் மது என்று அதில் இல்லை. அதைச் சொன்னது வோல்ஸ்டெட் சட்டம்: அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுதான், தடைதான். பீரையும் லேசான ஒயினையும் விட்டுவிடுவார்கள் என்று நம்பி மதுவிலக்கை ஆதரித்தவர்கள் பலர் இருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் இது பேரிடி.

ஒன்றைக் கவனியுங்கள். குடிப்பது குற்றம் என்று இதில் எங்கேயும் இல்லை. தடை வருவதற்கு முன்பே வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தால் நிம்மதியாகக் குடிக்கலாம், பணக்காரர்கள் அப்படித்தான் நிலவறைகளை நிரப்பிக்கொண்டார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையிலேயே விஸ்கி கிடைத்தது. தேவாலயப் பூசைக்கு ஒயின் உண்டு. ஆகவே குடிக்கிறவனுக்குத் தான் குற்றம் செய்கிறோம் என்ற உறுத்தலே இல்லை, விற்பவன்தான் குற்றவாளி. வாங்குகிறவன் கோடிக்கணக்கில் இருக்கிறான், அவன்மேல் வழக்கில்லை, விற்பவன் மட்டும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான் என்றால் அந்த வியாபாரத்தில் லாபம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

அந்த விற்பவனுக்குப் பெயர் பூட்லெக்கர். பூட்ஸின் உயரமான காலுக்குள் பாட்டிலைச் செருகிக்கொண்டு போய் விற்ற ஆட்களிடமிருந்து வந்த பெயர், மதுவிலக்குக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. தமிழில் 'கள்ளச்சாராயம்' என்றால் நமக்கு ஊறல் பானையும் காட்டுக்குள் எரிகிற அடுப்பும்தான் கண்முன் வரும். பூட்லெக்கிங் அதைவிட விரிந்த தொழில். நல்ல ஸ்காட்ச் விஸ்கியையே கப்பலில் கொண்டுவந்து கரையிலிருந்து 3 மைலுக்கு வெளியே, அமெரிக்கச் சட்டம் தொடாத தூரத்தில் நங்கூரம் போட்டு நிறுத்திவிடுவார்கள், இரவில் வேகப் படகுகள் போய் இறக்கி வரும். நியூயார்க் கடற்கரைக்கு வெளியே இப்படி வரிசையாக நின்ற கப்பல்களுக்கு 'ரம் வரிசை' என்றே பெயர் வந்துவிட்டது, பிறகு 1924இல் அந்த எல்லையைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. டெட்ராய்ட்டுக்கு எதிரே ஆற்றைக் கடந்தால் கனடா. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் பனிக்கட்டி மேலேயே கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தொழிற்சாலைக்கென்று விஷம் கலந்து விற்கப்பட்ட ஆல்கஹாலைத் திருடி, விஷத்தை எடுக்கப் பார்த்து, பாதி எடுத்து, அதையும் விற்றார்கள், அதில் செத்தவர்கள் ஏராளம்.

இதெல்லாம் விஸ்கி, ஜின் கதை. பாட்டிலில் வருகிற சரக்கு, அளவு சிறிது, விலை பெரிது, ஒளிப்பது சுலபம். சிகாகோவின் கதை வேறு. அங்கே பெரிய பணம் பீரில் இருந்தது.

இங்கேதான் எடை வருகிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு பீப்பாய் பீர் என்பது 31 கேலன், ஏறக்குறைய 117 லிட்டர். பீப்பாயோடு சேர்த்தால் நூறு கிலோவுக்கு மேல். அந்த எடைக்கு விலையோ குறைவு, அதனால் கொஞ்சமாக விற்றால் கட்டாது, நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான கடைகளுக்குத் தினமும் லாரி லாரியாக இறக்கியாக வேண்டும், வைத்திருந்தால் கெட்டும் போகும். பூட்ஸுக்குள் ஒளிக்கிற சமாச்சாரமா இது? பீர் லாரி தெருவில் போனால் தெருவுக்கே தெரியும், முனையில் நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியும். தயாரிக்கிற இடத்தையும் ஒளிக்க முடியாது, பெரிய பெரிய தொட்டிகளோடு ஒரு முழுத் தொழிற்சாலை வேண்டும். அதற்கும் சட்டத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது. அரை சதவீதத்துக்குக் குறைவான 'நியர் பீர்' விற்கலாம் என்பதால் மதுபான ஆலைகள் திறந்துதான் இருந்தன. அந்த நியர் பீரைப் பல ஆலைகள் செய்த விதம் என்ன தெரியுமா? முதலில் நிஜ பீரைக் காய்ச்சி, பிறகு அதிலிருந்து ஆல்கஹாலை நீக்குவார்கள். அந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் லாரியில் ஏற்றிவிட்டால் முடிந்தது.

சிகாகோ ரவுடித் தலைவர் ஜானி டோரியோ, அவருக்குப் பிறகு அல் கபோன், இவர்கள் கட்டிய சாம்ராஜ்யத்தின் அடிப்படை இதுதான். சரக்கை மறைப்பதில் அவர்கள் மூளையைச் செலவழிக்கவில்லை. பார்க்கிறவர்களின் கண்ணை மூடுவதில் செலவழித்தார்கள். தெருமுனைக் காவலருக்கு மாமூல், ஸ்டேஷன் கேப்டனுக்கு மாமூல், வழக்கு வந்தால் அரசு வக்கீல், நீதிமன்றம், இவர்கள் எல்லோருக்கும் மேலே வார்டு அரசியல்வாதி, தேர்தல் நேரத்தில் அவருக்கு ஆள்பலமும் பணமும். 1927இல் மூன்றாவது முறையாக மேயராகப் போட்டியிட்ட வில்லியம் தாம்சன் என்ன சொன்னார் தெரியுமா, அட்லாண்டிக் கடலின் நடுப்பகுதியைவிடத் தான் ஈரமானவன் என்றார். மதுவிலக்கை எதிர்ப்பவர்களை 'ஈரம்' என்றும் ஆதரிப்பவர்களை 'உலர்வு' என்றும் அங்கே சொல்வார்கள். நகரத்துக்கே மேயராகப் போகிறவர் அரசியல் சட்டத்தில் இருக்கிற ஒரு தடையைப் பற்றி மேடையில் இப்படிப் பேசுகிறார், ஜெயித்தும் விடுகிறார்.

'ராக்கெட்' என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். வானத்தில் போகிற ராக்கெட் இல்லை, அது வேறு சொல், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இங்கே ராக்கெட் என்றால் சட்டவிரோதமான ஒரு தொழில், அதைப் பாதுகாக்கிற ஏற்பாட்டோடு சேர்த்து. ரவுடி, போலீஸ், அரசியல்வாதி, மூன்று பேரும் கூட்டு.

இப்போது படத்துக்கு வரலாம். பார்ட்லெட் கார்மாக் என்பவர் சிகாகோவில் பத்திரிகை நிருபராக இருந்தவர். அவர் எழுதிய நாடகம் 1927இல் நியூயார்க் பிராட்வேயில் ஓடியது, ரவுடித் தலைவன் வேடத்தில் நடித்தவர் எட்வர்ட் ஜி. ராபின்சன். (சில வருடம் கழித்து 'லிட்டில் சீசர்' படத்தில் கேங்ஸ்டர் என்றாலே இந்த முகம்தான் என்று ஆனாரே, அவரேதான்.) படத்தைத் தயாரித்தவர் ஹோவர்ட் ஹியூஸ், அப்போது இருபதுகளில் இருந்த பெரும் பணக்கார இளைஞர். இயக்கம் லூயிஸ் மைல்ஸ்டோன்.

கதை எளிது. நிக் ஸ்கார்சி கள்ளச்சாராயக் கூட்டத்தின் தலைவன். மக்விக் நேர்மையான போலீஸ் கேப்டன். மக்விக்கை விலைக்கு வாங்க முடியவில்லை. சரி, அப்படியானால் சுட்டுவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவரை நகரத்தின் ஏதோ ஓர் ஒதுக்குப்புற ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுகிறார்கள். நம் ஊர் மொழியில் சொன்னால், தண்ணியில்லாத காட்டுக்கு. ஒரு ரவுடி சொல்லி ஒரு கேப்டனை மாற்ற முடிகிறது என்றால் ஊரை ஆள்வது யார் என்று பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. துப்பாக்கி எடுக்க வேண்டிய அவசியமே ஸ்கார்சிக்கு இல்லை என்பதுதான் இங்கே பயங்கரம்.

ஆனால் அந்தக் காட்டுக்கே விவகாரம் தேடி வருகிறது. ஸ்கார்சியின் தம்பி ஜோ, அண்ணன் செல்லமாக வளர்க்கிற பையன், காரை ஒருவர்மேல் ஏற்றிவிட்டு நிற்காமல் ஓடிப் பிடிபடுகிறான், பிடிபட்ட இடம் மக்விக்கின் எல்லை. தம்பிக்காக ஸ்கார்சி நேரில் கிளம்பி வர, அங்கே ஒரு காவலர் கொல்லப்படுகிறார். இதற்குப் பிறகு ஸ்கார்சி தன் மேலிடத்து ஆட்களை நம்பித் திமிரோடு உட்கார்ந்திருக்கிறான், அவர்களோ தேர்தல் நேரத்தில் இவனால் தங்களுக்குக் கெட்ட பெயர் என்று கணக்குப் போடுகிறார்கள். தன்னைக் கைவிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறான். அவ்வளவுதான், அவனை முடிக்க ஏற்பாடாகிவிடுகிறது. அவனை முடிப்பது சட்டமோ நேர்மையோ இல்லை, அவன் மாமூல் கொடுத்து வளர்த்த அதே ஏற்பாடுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம், இந்தப் படத்தைச் சஸ்பென்ஸுக்காக யாரும் பார்ப்பதில்லை.

ஸ்கார்சியாக நடித்த லூயிஸ் வோல்ஹைம் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கால்பந்தில் உடைந்து சப்பையான மூக்கு, பார்த்தாலே பயம் வருகிற முகம். சினிமாவுக்கு வருவதற்கு முன் அவர் கணக்கு வாத்தியார். அந்த முகத்துக்குள் ஒரு புத்திசாலித்தனம் ஒளிந்து எட்டிப் பார்ப்பதை மௌனப் படத்தில்தான் முழுசாக ரசிக்க முடியும், ஏனென்றால் நம் கவனத்தைக் குரல் இழுத்துக்கொள்ளாது. கேப்டனாக வரும் தாமஸ் மீகன் அன்றைக்குப் பெரிய நட்சத்திரம், ஆனால் என் கண்ணுக்கு வோல்ஹைம் வருகிற காட்சிகளில் அவர் ஒரு நாற்காலி மாதிரிதான் தெரிகிறார். கிளப்பில் பாடுகிற பெண்ணாக மேரி பிரவோஸ்ட், அந்தப் பாத்திரத்தின் பெயர் ஹெலன் ஹேய்ஸ். அதே பெயரில் நிஜமாகவே ஒரு பிரபல நாடக நடிகை அன்றைக்கு இருந்தார், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேச்சே இல்லாமல் மிரட்டல், பேரம், காட்டிக்கொடுப்பு இதையெல்லாம் எப்படிக் காட்டுவது என்ற கேள்வி வரும். இடையிடையே எழுத்து அட்டை வரும், ஆனால் நல்ல இயக்குநர்கள் அதைக் குறைவாகவே நம்பினார்கள். இதற்கு இன்னொரு படத்தைத் துணைக்கு அழைக்கிறேன்: ஒரு வருடம் முன்னால், 1927இல் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய 'அண்டர்வேர்ல்ட்'. இதற்குக் கதை எழுதிய பென் ஹெக்ட்டும் சிகாகோ நிருபர்தான். அதில் மதுக்கூடம் ஒன்றில் பழைய குடிகாரன் ஒருவன், படித்தவன், நொடித்துப்போய்த் தரை பெருக்குகிறான். எதிர்க் கோஷ்டித் தலைவன் ஒரு 10 டாலர் நோட்டை எச்சில் துப்பும் பாத்திரத்துக்குள் போட்டு, எடுத்துக்கொள் என்கிறான். எடுப்பானா மாட்டானா? ஒரு வார்த்தை தேவையில்லை, ஒரு மனிதனின் மிச்ச மானம் எவ்வளவு என்று அளந்து காட்டியாயிற்று. அந்த எதிர்க் கோஷ்டித் தலைவனுக்கு வெளிப்பார்வைக்கு என்ன தொழில் தெரியுமா, பூக்கடை. இது கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். சிகாகோவின் வடபகுதியை ஆண்ட டீன் ஓபானியன் நிஜமாகவே பூக்கடை வைத்திருந்தார், 1924 நவம்பரில் அந்தக் கடைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ரவுடிகள் அடிக்கடி சாகிற ஊரில் மலர் வளையத்துக்கும் நல்ல கிராக்கி இருந்திருக்கும்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஸ்டெர்ன்பெர்க் ரவுடியைக் காவிய நாயகன் ஆக்குகிறார், நிழல், புகை, இறகு, காதல், தியாகம். பூனைக்குட்டிக்கு விரலில் பால் தொட்டுக் கொடுக்கிற ரவுடி அவருடையவன், அவன் பிழைப்பும் பெரும்பாலும் கொள்ளைதான், சாராயம் இல்லை. மைல்ஸ்டோனின் படத்தில் ரவுடி ஒரு வியாபாரி. அழகில் 'அண்டர்வேர்ல்ட்' எங்கேயோ போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதுவிலக்கு எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் 'தி ராக்கெட்' பக்கம்தான் வர வேண்டும்.

சிகாகோவில் இந்தப் படம் தடை செய்யப்பட்டது. எப்படித் தடை செய்ய முடியும், கருத்துரிமை என்ன ஆயிற்று என்று கேட்டால், 1915இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா என்பது வெறும் வியாபாரம், பத்திரிகைக்கு இருக்கிற பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் ஊருக்கு ஊர் தணிக்கை. சிகாகோவில் 1907 முதலே படம் காட்ட அனுமதி கொடுக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்றால், போலீஸிடம். மாமூல் வாங்குகிற போலீஸையும் அதற்கு மேலே இருக்கிற அரசியலையும் காட்டுகிற படத்துக்குப் போலீஸே அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டும்! கொடுத்திருந்தால்தான் ஆச்சரியம்.

மற்ற இடங்களில் நல்ல பெயர். 1929 மே மாதம் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான பரிந்துரையில் இருந்தவை மூன்றே படங்கள், அதில் ஒன்று 'தி ராக்கெட்'. விருது 'விங்ஸ்' படத்துக்குப் போனது. அதே விழாவில் 'அண்டர்வேர்ல்ட்' கதைக்காக பென் ஹெக்ட் விருது வாங்கினார்.

காலம்தான் சரியில்லை. இதே 1928 கோடையில் வார்னர் சகோதரர்கள் 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' என்று ஒரு படத்தை வெளியிட்டார்கள், முழுக்க முழுக்கப் பேசுகிற முதல் முழுநீளப் படம், ஓடும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. கதை என்ன? சிற்றூரைச் சேர்ந்த இரண்டு முடிதிருத்துகிறவர்கள் பூட்லெக்கர்களின் பேச்சை நம்பி நியூயார்க் போகிறார்கள், அங்கே அவர்கள் நடத்துகிற சலூன் கள்ள மதுக்கடைக்கு மறைப்பு. ஆக, சினிமா முழுசாக வாயைத் திறந்ததும் முதலில் பேசியதே கள்ளச்சாராயத்தைப் பற்றித்தான். உண்மையைச் சொன்னால் அது பார்க்கச் சகிக்காத படம், மைக் இருக்கிற இடத்தைச் சுற்றியே எல்லோரும் நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசுவார்கள். ஆனால் கூட்டம் அலைமோதியது. கொஞ்ச நாளில் மௌனப் படம் என்றாலே பழைய சரக்கு என்று ஆகிவிட்டது.

'தி ராக்கெட்' பல பத்தாண்டுகள் தொலைந்துபோன படம் என்றே கருதப்பட்டது. ஹியூஸ் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பில் ஒரு பிரதி இருப்பது தெரிய வந்தது, லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அதைச் சீர்செய்து எடுத்தார்கள், 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதிய பின்னணி இசையோடு காட்டினார்கள். ஹியூஸே 1951இல் இதே கதையை ராபர்ட் மிட்சம், ராபர்ட் ரயனை வைத்துப் பேசும் படமாக மறுபடி எடுத்திருக்கிறார், மதுவிலக்கு 1933 டிசம்பரிலேயே போய்விட்டதால் அதில் சாராயம் முக்கியமில்லை. ஆனால் ரவுடி இருக்கிறான், மேலிடம் இருக்கிறது, கேப்டனுக்கு அங்கேயும் டிரான்ஸ்ஃபர்தான்.